துறை தேர்தலும் துறை மாறுதலும்: நாஞ்சில் நாட்டுச் சான்றுகள் சில

கன்னியாகுமரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகளில் படித்துப் பட்டம் பெறும் இளைஞர்களின் சான்றிதழில் தலைப்பாக அச்சாகியிருக்கும் பெயர், தம் வாழ்நாள் முழுவதும் ஒரே துறையின் வேலிக்குள் அடங்கியிருக்க மறுத்த ஒரு மனிதருடைய பெயர் என்பதை நம்மில் அநேகர் கவனிப்பதில்லை. 1855-இல் ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை, 1876-இல் பி.ஏ. பட்டமும் 1880-இல் தத்துவ சாஸ்திரத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றவர், இடையில் திருநெல்வேலியில் ஆங்கிலப் பள்ளி ஒன்றின் தலைமையை ஏற்று நடத்தியவர், 1882 முதல் 1885 வரை திருவிதாங்கூர் அரசாங்கத்தில் பிறவகைச் சிரஸ்தார் என்னும் வருவாய்த்துறை உத்தியோகத்தை வகித்துவிட்டு, மறுபடியும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக வந்து அமர்ந்தவர். அவ்வளவில் நின்றாரா என்றால் அதுவும் இல்லை. 1891-இல் ‘மனோன்மணீயம்’ என்ற நாடகத்தை வெளியிட்டார். திருவிதாங்கூர்க் கோயில்களில் கேட்பாரற்றுக் கிடந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து ஆராய்ந்து, 1894-இல் பண்டைத் திருவிதாங்கூர் மன்னர்களின் கால வரிசையை ஆங்கிலத்தில் நிறுவினார். உலகத்து சாஸ்திரங்களையெல்லாம் வகைப்படுத்திக் காட்டும் ‘நூற்றொகை விளக்கம்’ என்ற சிறு நூலையும் எழுதி வைத்தார். 1897-இல், ஐம்பது வயதையும் எட்டாமல் அவர் காலமானபோது, அவரைத் தத்துவ ஆசிரியர் என்பதா, சரித்திர ஆராய்ச்சியாளர் என்பதா, நாடகாசிரியர் என்பதா என்று தீர்மானிப்பது அவரை அறிந்தவர்களுக்கே எளிதாக இருந்திராது.

1990-இல் திருநெல்வேலியில் நிறுவப்பட்டு, குமரி மாவட்டக் கல்லூரிகளையும் தன் ஆளுகைக்குள் எடுத்துக்கொண்ட பல்கலைக்கழகம் அந்தப் பெரியாருடைய பெயரைத் தாங்குகிறது. ஆயினும் அப்பல்கலைக்கழகத்தில் மட்டுமன்று, தமிழகத்துப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிலும், பௌதிகத்தில் சேர்ந்த மாணவன் மூன்று ஆண்டும் பௌதிகத்திலும், வணிகவியலில் சேர்ந்த மாணவி மூன்று ஆண்டும் வணிகவியலிலும் இருந்தே தீரவேண்டும் என்பது நடைமுறை. இடம் காலியாக இருந்தால், சேர்ந்த சில வாரங்களுக்குள் மேஜரை மாற்றிக்கொள்ள அனுமதிப்பதுண்டு. ஆனால் சில வாரங்களில் ஒருவன் தன் வகுப்பறைக்குப் போகும் மாடிப்படியைக் கண்டுபிடிக்கலாமே ஒழிய, தனக்கு உகந்த துறையைக் கண்டுபிடிக்க முடியாது. கல்லூரி என்பது துறைகளைச் சோதித்துப் பார்த்துத் தனக்குரிய ஜீவிதத் தொழிலைத் தெரிந்துகொள்ளும் இடமா, அல்லது முன்னமே தெரிந்தெடுத்துவிட்ட ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளும் இடமா என்ற கேள்வியை, நாஞ்சில் நாட்டில் பிறந்து பெயர் பெற்ற சிலருடைய வரலாற்றை வைத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்த நிலத்தின் தன்மையைச் சிறிது சொல்லிவிட வேண்டும். அகஸ்தீசுவரம், தோவாளை என்னும் இரு தாலுகாக்களையே பழைய வழக்கில் நாஞ்சில் நாடு என்பார்கள். கல்குளத்தையும் விளவங்கோட்டையும் சேர்த்துக்கொண்டால் இன்றைய மாவட்டம் ஆகிறது. விஸ்தீரணத்தில் சிறியதும் ஜன நெருக்கம் மிகுந்ததுமான இம்மாவட்டத்தில், 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவு 91 சதவீதத்தைத் தாண்டி மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது. படித்தவர் தொகை பெருகிய அளவுக்கு வயலும் பெருகவில்லை, ஆலையும் பெருகவில்லை. மருமக்கள் வழித் தாயம் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்து, கூட்டுக் குடும்பச் சொத்துகள் பங்குகளாகப் பிரிந்த பிறகு, வெள்ளாளர் வீடுகளிலும் நெல்லை நம்பியிருந்த நிலை மாறி உத்தியோகத்தை நம்பும் நிலை வந்தது. மிஷன் பள்ளிகளின் வாயிலாகக் கல்வியைப் பற்றிக்கொண்ட பிற சமூகங்களோ அதற்கு முன்பே அந்த வழியில் நெடுந்தூரம் நடந்துவிட்டிருந்தன. ஆகவே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாள், கல்யாண வீட்டுப் பந்தியிலோ கோயில் நடையிலோ தென்படும் பிள்ளையைப் பார்த்து, “மக்களே, என்ன குரூப்பு எடுக்கப் போற?” என்று உற்றார் கேட்பது வெறும் குசலப் பிரசினம் அன்று. அந்தக் கேள்விக்கு அன்று அவன் சொல்லும் பதிலே அவனுடைய அடுத்த நாற்பது ஆண்டுகளை நிர்ணயிக்கும் என்று கேட்பவரும் நம்புகிறார், கேட்கப்பட்டவனும் நம்புகிறான்.

இந்த நம்பிக்கை பழமையானது என்று எண்ணுவோமாயின் அது பிழை. நாகர்கோவிலின் உயர்கல்வி, 1809-இல் மயிலாடியில் தொடங்கி, 1819-இல் சார்லஸ் மீட் பாதிரியாரால் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்ட செமினரியிலிருந்து பிறந்தது. அந்த மீட், சமய ஊழியத்தோடு திருவிதாங்கூர் அரசாங்கத்தின் நியமனத்தால் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் இருந்தவர், அச்சகமும் நடத்தியவர் என்பதை இங்கே இடைப்பிறவரலாகச் சொல்லலாம். செமினரி 1893-இல் கல்லூரியாக உயர்ந்து, பின்னர் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. இரண்டாந்தரக் கல்லூரியாக அது நடந்த காலத்தில் அங்கே கற்பிக்கப்பட்ட எஃப்.ஏ. வகுப்பும், பிற்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்த இண்டர்மீடியட் வகுப்பும் இரண்டிரண்டு ஆண்டுகள் கொண்டவை. அவை நடந்தது கல்லூரிக் கட்டடத்திலேதான், கற்பித்தவர்களும் கல்லூரி ஆசிரியர்கள்தாம். பதினாறு வயதுப் பையன் ஒருவன், கல்லூரியின் நூலகத்தையும் சோதனைச் சாலையையும் சுற்றி வந்து, கணிதமோ சரித்திரமோ ரசாயனமோ எது தன்னைக் கவர்கிறது என்பதை ஓரளவு உணர்ந்துகொண்ட பின்பே பட்ட வகுப்பை எண்ணினான். இண்டர்மீடியட்டிலும் பிரிவுகள் இருந்தன என்பது மெய்யே. ஆனால் பிரிவைத் தேர்ந்த இடமும் அதன் பலனைக் கண்ணால் கண்ட இடமும் ஒன்றாக இருந்தன.

ஐம்பதுகளில் இண்டர்மீடியட் போய், ஓராண்டு பி.யூ.சி. வந்தது, 1978-இல் அதுவும் போய், பிளஸ் டூ வந்தது. அந்த இரண்டு ஆண்டுகள் கல்லூரியை விட்டு வெளியேறிப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தன. இந்த மாற்றத்துக்குச் சிக்கனமும் சமத்துவமும் ஆகிய தக்க காரணங்கள் இருந்தன. கிராமத்துப் பிள்ளை தன் ஊருக்கு அருகிலேயே பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க இதுவே வழி செய்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆயினும் அதன் ஒரு விளைவைக் குறித்து நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. துறைகள் கிளை பிரியும் சந்தி, கல்லூரி வாயிலுக்கு உள்ளேயிருந்து, பத்தாம் வகுப்பின் வாசலுக்கு இறங்கிவிட்டது. அங்கே நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை பொருளாதாரம், புள்ளியியல், மண்ணியல், சட்டம் என்பவற்றின் முகத்தைக்கூடப் பார்த்தது கிடையாது. களியக்காவிளையைத் தாண்டினால் வரும் கேரளத்தில், பிரீ-டிகிரி வகுப்பு தொண்ணூறுகளின் இறுதி வரையில் கல்லூரிகளிலேயே நடந்துவந்தது என்பதையும், ஒரே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இரண்டு விதமான முறைகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அருகருகே இருந்தன என்பதையும் கல்வி ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருக்க வேண்டும்.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். எல்லாரும் அறிந்த ஒரு பெயரையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லாரும் அறிந்ததாலேயே அதன் உட்பொருள் மங்கிப்போயிருக்கிறது. நாகர்கோவிலுக்கு அருகிலுள்ள சரக்கல்விளையில், விவசாயக் குடும்பத்தில், 1957-இல் பிறந்த கை. சிவன், அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் பொறியியல் படிக்க வேண்டும் என்பதே அவருடைய அபிலாஷை. ஆனால், வீட்டுக்குப் பக்கத்தில் கல்லூரி இருந்தால் பையன் வந்து வயல் வேலைக்கு ஒத்தாசையாக இருப்பான் என்பது தந்தையாரின் கணக்கு. பொறியியலுக்கு ஆகும் செலவோ அக்குடும்பத்தால் தாங்கக்கூடியது அன்று. ஒரு வாரம் உண்ணாநோன்பு இருந்து பார்த்தும் பயனில்லாமற்போகவே, 1952-இல் நிறுவப்பட்ட தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தார். கல்லூரி நாட்கள் முழுவதும் வேட்டியோடு போய்வந்ததாகவும், கால்சட்டை அணிந்தது சென்னைக்குச் சென்ற பிறகே என்றும் அவரே பிற்காலத்துப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். 1977-இல் கணிதப் பட்டம் கைக்கு வந்த பின்னர், முன்பு தடுத்த அதே தந்தை, இம்முறை தடுப்பதில்லை என்று முடிவு செய்து, நிலத்தை விற்றுப் பணம் தந்து மகனைச் சென்னைக்கு அனுப்பினார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, ஒரு கேள்வி கேட்க வேண்டும். கணிதத்தில் பட்டம் பெற்ற ஒருவர் பொறியியல் கல்லூரியில் சேர்வதற்கு எந்தக் கதவு திறந்திருந்தது? குரோம்பேட்டையில் சி. ராஜம் என்பவர் 1949-இல் நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகளில் பொறியியல் வல்லுநர்களாக்கும் அபூர்வமான ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. விமானம், மின்னணுவியல், மோட்டார் வாகனம், கருவியியல் என்று அக்காலத்தில் மற்றக் கல்லூரிகள் தொடாத துறைகளை அது தேர்ந்துகொண்டதும், அவற்றுக்கு விஞ்ஞானப் பட்டதாரிகளையே தேடியதும் தற்செயல் அல்ல. அடிப்படை விஞ்ஞானத்தில் தேறிய மூளையே புதிய தொழில்நுட்பத்தை விரைந்து பற்றும் என்ற கொள்கை அதன் பின்னே இருந்தது. இதே கதவின் வழியாகவே அப்துல் கலாமும் போனார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்ற பிறகுதான், பௌதிகம் தமக்குரிய துறையன்று, பொறியியலுக்குப் போயிருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார் என்பது அவருடைய சுயசரிதையில் வரும் செய்தி. சேர்வதற்கு வேண்டிய தொகைக்குத் தமக்கையார் நகையை அடகு வைத்தார். குரோம்பேட்டை வளாகத்தில் காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களே விமானப் பொறியியலை நோக்கி அவர் மனத்தைத் திருப்பின. பௌதிகத்தில் பட்டம் பெற்ற பின், இரண்டு இரும்புக் கூடுகளைக் கண்ணால் பார்த்ததில் ஒருவருடைய வாழ்க்கைத் துறை நிச்சயமாயிற்று என்றால், துறைத் தேர்வில் நேர்முகக் காட்சிக்கு உள்ள வலிமையை அதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

சிவனுடைய வரலாற்றின் எஞ்சிய பகுதி இன்னும் சுவையானது. 1980-இல் விமானப் பொறியியலில் பட்டம் பெற்று வேலை தேடியபோது, அத்துறையில் வேலை தரும் ஸ்தாபனங்கள் நாட்டில் ஒன்றிரண்டே இருந்தன, கிடைக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் முதுநிலைப் படிப்புக்குப் போனார். 1982-இல் விண்வெளி ஸ்தாபனத்தில் சேர்ந்தபோது, அவர் விரும்பியது பெங்களூரிலுள்ள செயற்கைக்கோள் நிலையம். கிடைத்தது திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் நிலையம். அங்கே காற்றியக்கப் பிரிவை விரும்பினார், கிடைத்தது பி.எஸ்.எல்.வி. திட்டம். விரும்பியது எதுவும் விரும்பிய வேளையில் கிடைக்கவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லும் அளவுக்கு இந்த வரிசை நீண்டது. ஆனால், ராக்கெட்டின் பாதையைக் கணக்கிடும் ‘சிதாரா’ என்ற மென்பொருளை உருவாக்கியதில் தலைமைப் பங்கு வகித்தவர் என்று பின்னாளில் அவர் பெயர் பெற்றபோது, அந்த வேலைக்கு ஆதாரமாக நின்றது கணிதம். தந்தையின் வற்புறுத்தலால், வேண்டாவெறுப்பாக, வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் படித்த அதே கணிதம். 2018 ஜனவரியில் அவர் அந்த ஸ்தாபனத்தின் தலைவரானார்.

இதிலிருந்து, பெற்றோர் சொன்னதைக் கேட்டால் எல்லாம் நன்றாகவே முடியும் என்ற நீதியை எடுப்பவர்கள் உண்டு, மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். அது தவறான முடிவு. சிவனைக் காத்தது கீழ்ப்படிதல் அன்று. மூன்று ஆண்டு கழிந்த பிறகும் மாறிச் செல்லத் திறந்திருந்த ஒரு கதவும், அக்கதவுக்குள் நுழைய விற்கக்கூடியதாக இருந்த சிறிது நிலமும்தாம். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும், அவர் நல்லதொரு கணித ஆசிரியராக ஓய்வு பெற்றிருக்கக்கூடும். அதுவும் மேன்மையான வாழ்க்கையே. ஆனால் அது அவர் நாடிய வாழ்க்கை அன்று.

இரண்டாவது சான்று வேறு பாதையைக் காட்டுகிறது. மேலக்காட்டுவிளையில் 1964-இல் பிறந்து, 2025 ஜனவரியில் அதே விண்வெளி ஸ்தாபனத்தின் தலைமையை ஏற்ற வி. நாராயணன், பட்டப் படிப்பின் வழியாக வந்தவர் அல்லர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர். தனியார் ஆலைகளிலும் பி.எச்.இ.எல். நிறுவனத்திலும் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, 1984-இல் விண்வெளித் துறைக்குள் வந்தார், ஏ.எம்.ஐ.இ. என்னும், வேலையில் இருந்துகொண்டே எழுதித் தேறக்கூடிய தேர்வின் மூலம் பொறியாளருக்குரிய தகுதி பெற்றார். 1989-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் முதல் ஸ்தானத்தோடு எம்.டெக். முடித்து, 2001-இல் அங்கேயே முனைவரும் ஆனார். திட எரிபொருள் ராக்கெட்டுகளில் தொடங்கிய பணி, கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளுக்கு மாறியது. இங்கே துறைகளைச் சோதித்துப் பார்த்த இடம் கல்லூரி அன்று, தொழிற்சாலைத் தளம். டிப்ளமோக்காரரை அந்த நிலையிலேயே நிறுத்திவிடாமல் மேலே ஏற்றிவிடும் ஏணியாக ஏ.எம்.ஐ.இ. போன்ற ஒரு தேர்வு அக்காலத்தில் மதிப்போடு நிலவியது என்பதே இதில் கவனத்துக்குரியது.

எதிர்ச் சான்றையும் மறைக்கலாகாது. குமரி மாவட்டத்தின் குலசேகரம் பகுதியில் 1943-இல் பிறந்து, 2003 முதல் 2009 வரை அதே ஸ்தாபனத்துக்குத் தலைவராக இருந்த ஜி. மாதவன் நாயர், 1966-இல் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே தும்பாவில் சேர்ந்தவர். வளைவு நெளிவு இல்லாத நேர்ப் பாதை. இத்தகையோரும் உண்டு, தம் துறையை இளமையிலேயே கண்டுகொண்டவர்களை, பல துறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா என்று அலைக்கழிப்பது வீண். துறை மாறுவதற்கு வசதி வேண்டும் என்று சொல்வது, எல்லாரும் மாறியே ஆகவேண்டும் என்று சொல்வதாகாது.

விஞ்ஞானத்தை விட்டு இலக்கியத்தின் பக்கம் திரும்பினால், நாஞ்சில் நாட்டில் துறை மாறியவர்களே பெரும்பான்மையோ என்று தோன்றும். ஆசிரியராகவே உத்தியோகம் முடித்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ஓய்ந்த நேரத்தில் கல்வெட்டாராய்ச்சியில் இறங்கிக் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். கே.என். சிவராஜ பிள்ளை திருவிதாங்கூர்ப் போலீஸ் துறை அதிகாரியாக இருந்து, பின்பு சென்னைச் சர்வகலாசாலையில் தமிழ் ரீடராகி, பண்டைத் தமிழரின் கால வரிசையைப் பற்றிய புகழ்பெற்ற நூலை 1932-இல் வெளியிட்டார். அவர் சமகாலத்தவரான எஸ். வையாபுரிப் பிள்ளையோ, திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீல் தொழில் நடத்திவிட்டு, 1926-இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். சாட்சியத்தை நிறுத்து எடைபோடும் வக்கீலின் பழக்கம் அவருடைய கால ஆராய்ச்சியில் தெரியாமற்போகவில்லை. ஜெயமோகன் கல்லூரியில் வணிகவியல் படிக்கச் சேர்ந்து பாதியிலேயே விலகியவர். தொலைபேசித் துறையில் ஊழியராக இருந்துகொண்டு எழுதியவர்.

இவ்வரிசையில் நாஞ்சில் நாடனை நான் தனியே எடுத்துப் பேச விரும்புவதற்குக் காரணம் உண்டு. 1947-இல் வீரநாராயணமங்கலத்தில் பிறந்து, கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, வேலை தேடிப் பம்பாய்க்குப் போனவர் அவர். கணிதம் அவருக்கு வேலையையும் தரவில்லை, துறையையும் தரவில்லை. ஆனால் பட்டம் பெற்றும் வேலையற்று ஊரில் நிற்கும் இளைஞனின் அவலத்தை, 1977-இல் வெளியான ‘தலைகீழ் விகிதங்கள்’ என்ற முதல் நாவலின் மையப் பொருளாக அளித்தது. அந்நாவலின் நாயகனான சிவதாணு, படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமையால் செல்வர் வீட்டு மருமகனாகி, மாமனார் வீட்டின் அவமானங்களுக்கு ஆளாகிறான். நம் பொருளோடு இதற்கு நேரான சம்பந்தம் இருக்கிறது. துறையைத் தேர்வதைப் பற்றிப் பேசும்போது நாம் பிள்ளையின் ருசி, திறமை, மனப்போக்கு ஆகியவற்றையே பேசுகிறோம். தேர்வுக்குப் பின்னே நிற்கும் வீட்டுக் கடனையும், தங்கையின் கல்யாணத்தையும், சாதிக்குள் கிடைக்கும் பெண்ணின் சீதனத்தையும் பேசுவதில்லை. சிவதாணுவுக்குக் கல்லூரியில் இன்னும் பத்துப் பாடங்களைச் சுவைத்துப் பார்க்கும் வாய்ப்பு இருந்திருந்தாலும், அவனுடைய சங்கடம் முழுவதும் தீர்ந்திராது. 2010-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ஆசிரியருக்கே தம் மெய்யான துறையில் முழு நேரமும் இயங்கும் வசதி உத்தியோக காலம் முழுவதும் கிடைக்கவில்லை.

பல துறைகளை முதலில் தொட்டுப் பார்ப்பது உண்மையிலேயே பயன் தருகிறதா என்பதை மேல்நாட்டில் ஒருவர் நுட்பமாகச் சோதித்திருக்கிறார். இங்கிலாந்தில் மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போதே ஒரே துறையைத் தேர்ந்துவிடுகிறார்கள். பக்கத்திலுள்ள ஸ்காட்லாந்திலோ முதல் இரண்டு ஆண்டுகள் பல பாடங்களைப் படித்த பிறகே ஒன்றில் ஊன்றுகிறார்கள். ஓஃபர் மலாமுட் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர், இவ்விரு நாட்டுப் பட்டதாரிகளும் பட்டம் பெற்ற பிறகு எந்த வேலைக்குப் போனார்கள் என்பதை ஒப்பிட்டபோது, தாம் படித்த துறைக்குச் சம்பந்தமில்லாத தொழிலுக்கு மாறியவர்கள், முன்கூட்டியே தேர்ந்த இங்கிலாந்து மாணவர்களிடையேதான் அதிகம் என்று கண்டார். அதாவது, கல்லூரியில் மாறுவதற்கு இடம் கொடாவிட்டால், மனிதன் மாறாமல் இருந்துவிடுவதில்லை. மாற்றம் தள்ளிப்போகிறது, அதற்குள் பெற்ற பயிற்சியின் ஒரு பகுதி விரயமாகிறது. நம் மாவட்டத்தில் இதற்கு அயல்நாட்டுப் புள்ளிவிவரம் தேவையில்லை: 1984-க்குப் பின் பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் நான்காண்டு படித்தவர்கள், வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகளுக்கும் விண்ணப்பித்துவிட்டுப் பயிற்சி மையங்களில் காத்திருப்பதை நாகர்கோவிலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எல்லையற்ற சுதந்திரமும் ஆகாது என்பதற்கும் சரித்திரம் உண்டு. 1869 முதல் நாற்பது ஆண்டுகள் ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், மாணவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்து படிக்கலாம் என்ற முறையை அங்கே வேரூன்றச் செய்தார். சுலபமான பாடங்களாகவே பொறுக்கியெடுத்துத் தொடர்பின்றிக் கோத்துக்கொண்டு பட்டம் வாங்கும் வழக்கம் அதனால் வளர்ந்ததென்று கண்டு, அவருக்குப் பின் வந்த லோவல், ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் சிறிது பரப்பும் கட்டாயம் என்று திருத்தினார். நம்முடைய முறை இவ்விரண்டில் எதற்கும் வாரிசு அன்று. 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை நிறுவப்பட்டபோது முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது, போதனை நடத்தாமல் பரீட்சை மட்டும் நடத்திப் பட்டம் வழங்கிய அக்காலத்து லண்டன் சர்வகலாசாலை. வினாத்தாள் வேறிடத்தில் தயாராகிறது. கல்லூரி அதற்கு மாணவனைத் தயார் செய்கிறது. நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு ஒரே வினாத்தாள் என்றாகிவிட்டபின், ஒரு மாணவனுக்காகப் பாதையை வளைப்பது நிர்வாகத்துக்குத் தொல்லை. மேஜர் மாற்றத்துக்குள்ள தடையின் மூலகாரணம் கல்விக் கொள்கையில் இல்லை, பரீட்சை நிர்வாகத்தில் இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

இப்போது பட்ட வகுப்புகளில் மேஜர், அலைடு பாடங்களோடு, மேஜர் அல்லாத விருப்பப் பாடம் என்றும் ஒன்று வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் பெறும் இப்பாடத்தில், வணிகவியல் மாணவி தாவரவியலையோ, ரசாயன மாணவன் சரித்திரத்தையோ தொட்டுப் பார்க்கலாம் என்பது ஏட்டில் உள்ள ஏற்பாடு. நடைமுறையில் எந்த ஆசிரியருக்கு நேரம் ஓய்வாக இருக்கிறதோ அந்தப் பாடமே விருப்பப் பாடமாகிவிடுவது அரிதன்று. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நான்காண்டுப் பட்டம், இடையில் நின்று மீண்டும் சேரும் வசதி, பல்துறைக் கல்வி என்றெல்லாம் பேசுகிறது. தமிழகம் அதை ஏற்கவில்லை. இடையில் நிற்பதற்கு வழி திறந்துவிட்டால், ஏழைப் பிள்ளை அந்த வழியாக வெளியேறித் திரும்பி வரமாட்டான் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் கொள்கையை எதிர்த்த வேகத்தில், துறை மாறும் உரிமையும் அதனோடு சேர்ந்து கைவிடப்பட்டுவிட்டது. வெளியேறும் வாசல் வேறு, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போகும் கதவு வேறு. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் வேலைத் திறன்களைக் கற்பிக்கிறது, அது நல்லதே. ஆனால் தேர்ந்த துறைக்குத் திறமை சேர்ப்பது அதன் பணி. தேர்ந்த துறையே பொருந்தாதபோது அதனால் ஆகக்கூடியது கொஞ்சம்.

வறிய குடும்பத்துக்கு இந்தச் சோதனையெல்லாம் கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள். கட்டணம் செலுத்தும் ஆண்டுகளைக் கூட்டாமல் சோதனைக்கு இடம் தரவேண்டும் என்பதே விடை. அதற்கு நாஞ்சில் நாட்டைப்போல் வசதியான இடம் தமிழகத்தில் அதிகம் இல்லை. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, பயோனியர் குமாரசுவாமி கல்லூரி ஆகியவை நாகர்கோவிலைச் சுற்றியே இருக்கின்றன. கோணத்தில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும், ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரியும் டவுன் பஸ் தூரத்தில் உள்ளன. இவற்றில் சில தன்னாட்சிக் கல்லூரிகளாதலால், தம் பாடத்திட்டத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் அதிகாரமும் உண்டு. முதலாண்டின் முதல் பருவத்தை எல்லாத் துறையினருக்கும் பெரும்பாலும் பொதுவாக்கி, அதன் முடிவில் மேஜரை உறுதி செய்துகொள்ளலாம் என்று ஒரு கல்லூரி துணிந்தால், மற்றவை பின்தொடரும்.

வகுப்பறைக்கு வெளியே காட்டத்தக்கவையும் இங்கே குறைவல்ல. மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து அரிய கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலை இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையமும், பேச்சிப்பாறையில் தோட்டக்கலை நிலையமும் உள்ளன. மாவட்ட எல்லையைத் தாண்டினால் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். சுசீந்திரத்தில் கல்வெட்டுகளும் பத்மநாபபுரம் அரண்மனையில் சுவரோவியங்களும் இருக்கின்றன. கணித மாணவன் ஒருவன் குளச்சலில் மீன் ஏலத்தையும், வரலாற்று மாணவி ஒருத்தி திருப்பதிசாரத்து நாற்றங்காலையும் முதலாண்டிலேயே ஒருமுறை போய்ப் பார்த்தால், மூன்றாண்டு கழித்து எழும் சந்தேகங்களில் சில முதலாண்டிலேயே எழும். குரோம்பேட்டையில் நின்ற இரண்டு விமானங்களின் காரியத்தை இவை செய்யக்கூடும்.

கடைசியாக, நடைமுறையில் உள்ள ஒரு விதியைப் பெற்றோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். குரோம்பேட்டைக் கல்லூரி 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பின், பட்டதாரிகளுக்கென்றே இருந்த பழைய மூன்றாண்டுப் படிப்பு காலப்போக்கில் மறைந்துவிட்டது. ஆனால், பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்துப் பி.எஸ்ஸி. முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரி முறையில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரத் தமிழகத்தில் இன்றும் இடமுண்டு. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் அவ்வாறே. டிப்ளமோக்காரர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள், பி.எஸ்ஸி. மாணவர்களில் இதைக் கேள்விப்பட்டவர்களே சொற்பம். இந்த ஆண்டு உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பி.எஸ்ஸி. இறுதியாண்டில் ஒரு பிள்ளை பொருந்தாத துறையில் அகப்பட்டுக்கொண்டிருந்தால், விண்ணப்பத் தேதி கடந்துபோவதற்கு முன் அதற்கு இதைச் சொல்லிவையுங்கள்.